முப்பத்தெட்டாவது ஸ்லைடு

எந்த ஸ்லைடையும் தொடுவதற்கு முன்னால் உத்தமன் வலது கைப் பெருவிரலைச் சட்டையின் உள்மடிப்பில் இரண்டு தரம் தேய்த்துக்கொள்வார். பிறகு ஸ்லைடை ஓரங்களில் மட்டும் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். எழுத்து நேராகத் தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு, சட்டத்தின் இடது கீழ் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி காயட்டும் என்று ஊத மாட்டார். எச்சில் தெறித்தால் ஃபிலிம் கெட்டுவிடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பத்து எண்ணுவார். எண்ணும்போது உதடு அசையும். பார்ப்பவர்களுக்கு ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று தோன்றும்.

அந்தப் புள்ளிக்குக் காரணம் உண்டு. ப்ரொஜெக்டரின் வட்டத் தட்டில் ஸ்லைடைத் தலைகீழாகச் சொருகினால்தான் திரையில் நேராக விழும். விளக்கை அணைத்த பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; கைதான் பார்க்க வேண்டும். புள்ளி பெருவிரலுக்கு அடியில் வந்துவிட்டால் போதும், தப்பு நடக்காது.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் அவரும் கோமளமும், மற்றதில் கேமரா ஸ்டாண்டும் கெமிக்கல் டிரேக்களும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சுவரில் புத்தர் படம், அதன் கீழே காய்வதற்குக் கிளிப்பில் தொங்கும் ஃபிலிம் சுருள்கள். காக்ஸ் டவுன் ஸ்டுடியோ ஒன்றில் பல வருஷம் கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஒருநாள் ஒரு டாக்டர் டைப் அடித்த தாளோடு வந்து, இதை ஸ்லைடாக்க முடியுமா என்று கேட்டார். தாளைப் படமெடுத்து, நெகடிவை நீலச் சாயத்தில் முக்கினால் நீலத்தில் வெள்ளை எழுத்து எழும்பி வரும். டாக்டர்களுக்கு அந்த நீலம் பிடித்துப்போயிற்று. ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார்கள். கடைசியில் மருந்துக் கம்பெனியே வந்தது. கம்பெனி வந்த பிறகு டாக்டர்கள் தனித்தனியாக வருவது நின்றுபோயிற்று. அவர்களுக்கு வேண்டிய ஸ்லைடை எல்லாம் கம்பெனியே செய்து கொடுத்துவிடுகிறதே.

கம்பெனி என்றால் உத்தமனைப் பொறுத்தவரை மஞ்சுநாத். துமகூர்க்காரர், முப்பது வயது, டை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்து கிளினிக்குகளில் காத்திருந்து காத்திருந்து தமிழ் கற்றுக்கொண்டவர்.

டாக்டர்கள் பட்டம் வாங்கியதோடு படிப்பை விட்டுவிடக் கூடாது என்று மாதம் ஒரு கூட்டம் நடக்கும். சி.எம்.இ. என்பார்கள். ஓட்டல் ஹாலை எடுப்பது கம்பெனி. சாப்பாடு போடுவது, தோள்பை கொடுப்பது, பேசுவதற்குப் பெரிய டாக்டரைக் கூட்டி வருவது எல்லாமே கம்பெனிதான். அந்தப் பெரிய டாக்டர் என்ன பேச வேண்டும் என்பதும் பம்பாயிலிருந்து டைப் அடித்து வந்துவிடும். மொத்தம் முப்பத்தெட்டு ஸ்லைடு. பெங்களூரில் ஒருவர், மைசூரில் ஒருவர், ஹூப்ளியில் ஒருவர் என்று ஊருக்கு ஊர் ஆள் மாறும், ஸ்லைடு மாறாது. முதல் ஸ்லைடில் இருக்கும் டாக்டர் பெயர் மட்டும்தான் புதிது. உத்தமன் அதைப் பெயர் ஸ்லைடு என்பார். ஒரு வாரத்தில் ஐந்து பெயர் ஸ்லைடு செய்ததுண்டு.

அப்படித்தான் ஒரு முறை மைசூர்க் கூட்டத்துக்கு ஹூப்ளி டாக்டரின் பெயர் போய்விட்டது. மேடையில் நின்றவர் டாக்டர் நாராயணசாமி, திரையில் இருந்தது வேறு ஒருவர் பெயர். ஹாலே சிரித்தது. நாராயணசாமியும் சிரித்துவிட்டு, "யாராயிருந்தால் என்ன, விஷயம் ஒன்றுதானே" என்று சொல்லிப் பேச ஆரம்பித்தார். ஒரு சொல் தடுக்கவில்லை. முப்பத்தெட்டும் முடிந்ததும் கைதட்டல்.

மறுநாள் மஞ்சுநாத் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டார்.

"உத்தமண்ணா, என் மானம் போச்சு. ஒரு பேரு. ஒரே ஒரு பேரு மாத்தணும் உங்களுக்கு."

"தப்புதான் சார். ஆனா அவரு நல்லாத்தானே பேசினாராம்?"

"அதுதான், குரு, இன்னும் கேவலம்."

அதற்குப் பிறகு ஸ்லைடு செய்வதோடு விடாமல் ப்ரொஜெக்டர் போடவும் உத்தமனையே அழைத்துப் போனார்கள். ஹாலின் கடைசியில், விளக்கின் பின்னால் ஒரு ஸ்டூல். மேடையிலிருந்து "நெக்ஸ்ட்" என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். மூட்டுவலி மாத்திரை ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைப் பற்றிய பேச்சை அவர் இருபது தடவைக்கு மேல் கேட்டிருப்பார். பத்தாவது வரை படித்தவர்தான், ஆனால் எந்த இடத்தில் டாக்டர் தண்ணீர் குடிப்பார் என்பது வரை அவருக்குப் பாடம்.

கோமளத்துக்கு முட்டி வலி. ஆடுகோடியில் ஒரு பனியன் கம்பெனியில் நின்றபடியே வேலை. மஞ்சுநாத் ஒருநாள் அவள் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்துவிட்டு, பையைத் திறந்து சாம்பிள் அட்டைகள் நாலைந்தை எடுத்து நீட்டினார். "அக்கா, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எங்கம்மாவுக்கும் இதேதான் குடுக்கறேன்." வலி நன்றாகக் கேட்டது. தீர்ந்தால் மறுபடி கொண்டுவந்து கொடுப்பார். யாரும் கேட்டு வாங்கியதில்லை. அவர் மனசு அப்படி.

1997-ஆம் வருஷம் ஆகஸ்டில் அடுத்த கூட்டத்துக்குப் பேசுபவராக டாக்டர் வித்யாலட்சுமியைப் போட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் உதவிப் பேராசிரியர், சேலத்துப் பெண். மேடைக்குப் புதிது. மற்றவர்கள் ஸ்லைடைத் திரையில்தான் முதலில் பார்ப்பார்கள். இவர் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் ஆட்டோவில் ஜீவனஹள்ளிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தாள், பேனாவால் எழுதியது.

"இதையும் ஒரு ஸ்லைடா பண்ணித் தர முடியுமாங்க? கடைசிக்கு முன்னாடி வரணும்."

"அப்ப முப்பத்தெட்டாவதா வைக்கலாம் மேடம். 'நன்றி' முப்பத்தொம்பதாப் போயிடும்."

தாளைக் கையில் வாங்கியதும் ஒரு சொல்லில் உத்தமனின் கண் நின்றது. இதுவரை டைப் அடிக்காத சொல். எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார்.

"இது இன்னா மேடம்? ஸ்பெல்லிங் தப்பாப் போயிடக் கூடாதுன்னு கேக்கறேன்."

"மெலீனா. வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பாப் போறது. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா அப்படி ஆகும். எங்க வார்டுல இந்த மாத்திரை அறுபத்திரண்டு பேருக்குக் குடுத்தோம். ஒன்பது பேருக்கு இப்படி ஆச்சு. ரெண்டு பேருக்கு ரத்தம் ஏத்தவேண்டி வந்துச்சு."

உத்தமன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளாகக் கோமளம் கறுப்பாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ராகிக் களி தின்றால் அப்படித்தான் போகும் என்று இவர்தான் சமாதானம் சொன்னார்.

"கோமளம், இங்க வா."

அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். முன்பின் தெரியாத பெண்ணிடம் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். "இன்னாங்க நீங்க, இதையெல்லாம் போய்" என்றாள். டாக்டர் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு அட்டையைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னியிலருந்து ஒண்ணுகூடப் போடக் கூடாது. காலையில வார்டுக்கு வாங்க, நான் இருப்பேன்."

மறுநாள் வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது. நல்லவேளை சின்னது, மருந்திலேயே ஆறிவிடும் என்றார் டாக்டர். உத்தமன் வீட்டுக்கு வந்து அந்த ஸ்லைடைச் செய்தார். நீலத்தில் ஒன்பது, அறுபத்திரண்டு, இரண்டு என்று எண்கள் வெளுத்து எழும்பின. புள்ளி வைத்து, முகத்தைத் திருப்பி எண்ணினார்.

கூட்டம் ஞாயிறு காலை. சனிக்கிழமை மத்தியானம் மஞ்சுநாத் வந்தார். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கடைசி நாலைந்து ஸ்லைடை எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டை மட்டும் திரும்ப வைக்கவில்லை. மேஜைமேல் வைத்தார்.

"இது வேண்டாம் உத்தமண்ணா."

"மேடம் குடுத்தது சார்."

"தெரியும். யாரு கேட்டாலும் டெவலப் பண்றப்போ கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. எண்பது டாக்டர் வர்றாங்க. பம்பாயிலருந்து எங்க பெரியவரு வர்றாரு. நான் ஓட்டல் புக் பண்ணி, பிரியாணி சொல்லி, பை அடிச்சு, எங்க மாத்திரையால ரத்தம் கசியுதுன்னு நானே லைட் போட்டுக் காட்டணுமா? நீங்களே சொல்லுங்க."

உத்தமன் அடுத்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே கோமளம் படுத்திருந்தாள்.

"கோமளத்துக்கும் அதான் சார் ஆச்சு."

மஞ்சுநாத்துக்கு அது அப்போதுதான் தெரியும். டையைத் தளர்த்திக்கொண்டார்.  குரல் இறங்கிவிட்டது.

"அக்காவுக்கு நிறுத்தியாச்சில்ல?"

"நிறுத்தியாச்சு."

"அப்ப விடுங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. இந்த ஸ்லைடு வந்தா நாளையிலருந்து எனக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் வேலை இல்லை."

அது மிரட்டலில்லை. உள்ளதைச் சொன்னார். உத்தமனுக்கு அந்தக் கம்பெனியை விட்டால் வேறு வேலை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ரெசிடென்சி ரோடு ஓட்டலில் ஹால் நிறைந்திருந்தது. வாசலில் மஞ்சுநாத் பை கொடுத்துக்கொண்டிருந்தார். பை வாங்கிய டாக்டர்கள் உள்ளே வந்ததும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். உத்தமன் தட்டைப் பூட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முப்பத்தேழுக்கு அடுத்த பள்ளத்தில் 'நன்றி'. வித்யாலட்சுமியின் ஸ்லைடு அவர் சட்டைப் பையில் இருந்தது. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஏன் எடுத்து வந்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மேடைக்குப் போகுமுன் டாக்டர் அவரைக் கடந்துதான் போனார். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். "பரவாயில்லை மேடம்" என்றார் இவர். ஸ்லைடு கெட்டுப்போச்சு என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வித்யாலட்சுமி மற்றவர்களைப் போலப் பேசவில்லை. மெல்ல, தாளைப் பார்த்துப் பார்த்து. "நெக்ஸ்ட்" என்பதைக்கூட யாரிடமோ உதவி கேட்பது போலச் சொன்னார். முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடிவிட்டார்கள். உத்தமன் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தார். தலைகளைப் பார்த்தார். எண்பது தலை. நாளைக் காலையில் எண்பது பேரும் கிளினிக் திறப்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். என் வீட்டில் நிறுத்தியாயிற்று என்ற எண்ணம் சனிக்கிழமை முழுக்க அவருக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. இந்த இருட்டில் அது வேறு மாதிரி இருந்தது.

முப்பத்தேழு வந்தது. 'பக்கவிளைவுகள்: மிகக் குறைவு.' இந்த இடத்தில் எல்லோரும் ஒரு வரி சொல்லிவிட்டு நெக்ஸ்ட் என்பார்கள். வித்யாலட்சுமி அதைப் படித்தார். பிறகு பேச்சு நின்றது. அவர் கை மேஜைமேல் எதையோ தேடியது. நிமிர்ந்து ஹாலின் கடைசியைப் பார்த்தார். நேராக விளக்கை. விளக்கைப் பார்ப்பவருக்குப் பின்னால் இருக்கும் ஆள் தெரியாது என்பது உத்தமனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தன்னைத்தான் பார்க்கிறார், அந்த ஸ்லைடுக்காகத்தான் நிற்கிறார் என்று தோன்றிவிட்டது.

அவர் தட்டின் வளையத்தைத் திருகினார். 'நன்றி'யை உருவினார். பையிலிருந்ததை எடுத்து அந்தப் பள்ளத்தில் சொருகினார். பெருவிரலைத் தேய்க்கவில்லை. புள்ளியைத் தேடவில்லை. மேடையிலிருந்து "நெக்ஸ்ட்" வந்தது. அழுத்தினார்.

திரையில் எல்லாம் தலைகீழாக நின்றது.

முதலில் சிரிப்பு. கண் மூடியிருந்த இருவரும் விழித்துக்கொண்டார்கள். பின் வரிசையில் யாரோ "புரொஃபசர் தலைகீழா நிக்கச் சொல்றாங்கப்பா" என்றார். இன்னும் சிரிப்பு. ஆனால் படிக்கக் கஷ்டமாக இருந்தால் ஆள் படித்தே தீருவான். வரிசை வரிசையாகத் தலைகள் சாய்ந்தன. முதல் வரிசையில் ஒரு வயதான டாக்டர் காதைத் தோளில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டார்:

"அது ஆறா, ஒன்பதா டாக்டர்?"

ஹால் அடங்கியது. வித்யாலட்சுமி திரும்பித் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போல இருந்தது.

"ஒன்பது" என்றார். "அறுபத்திரண்டில் ஒன்பது."

"ஒன்பது என்ன?"

அப்புறம் அவர் தாளைப் பார்க்கவில்லை. ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னார். ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு ரிடையர்டு வாத்தியார். பத்தாவதாக, வார்டில் சேராத ஒரு அம்மாள், ராகிக் களியால் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். எங்கள் வார்டிலும் பார்த்தேன் என்று கோலாரிலிருந்து வந்தவர் எழுந்தார். இன்னொருவர் அதெல்லாம் மாத்திரையால் இல்லை என்று மறுத்தார். அரை மணிக்கு மேல் போயிற்று. பிரியாணி ஆறுகிறது என்று ஓட்டல் ஆள் இரண்டு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

எல்லாம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மஞ்சுநாத் வந்து பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்றுதான் உத்தமன் நினைத்தார்.

"போட்டதுதான் போட்டீங்க, நேரா போட்டிருக்கக் கூடாதா உத்தமண்ணா?"

"அவசரத்துல புள்ளியைத் தேடலை சார்."

"நேரா போட்டிருந்தா பாதிப் பேரு பாத்திருக்கவே மாட்டாங்க."

அதன் பிறகு கம்பெனியிலிருந்து அழைப்பு வரவில்லை. வேறு கம்பெனிகளிலும் விஷயம் பரவிவிட்டது. மஞ்சுநாத்தை குல்பர்காவுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் ஒருநாள் டை இல்லாமல் வந்தார். கோமளம் காபி கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, நான் தெரிஞ்சு குடுக்கலை."

"அது எனக்குத் தெரியாதா? ஆறிடுச்சு. நீ காபியைக் குடி, இல்லாட்டி அதுவும் ஆறிடும்."

"எங்கம்மாவுக்கும் நிறுத்திட்டேன்."

"குல்பர்காவுல வெயிலு ஜாஸ்தியாமே" என்றாள் கோமளம். வேறு என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உத்தமன் பள்ளிக்கூடங்களில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனார். சில வருஷத்தில் டாக்டர்கள் லேப்டாப்போடு வர ஆரம்பித்தார்கள், நீல ஸ்லைடுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. யாராவது அனுதாபப்பட்டால், "அது எப்படியும் போயிருக்கும், நான் நாலு வருஷம் முன்னாடி அனுப்பிட்டேன்" என்பார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டால் குரல் மாறிவிடும். "டாக்டரம்மா என்னையே பாத்துக்கினு நின்னாங்க. அந்தப் பொண்ணு அவ்வளவு தைரியமா நிக்கிறப்போ நான் எப்படிப் பையில வெச்சுக்கினு உக்காந்திருக்கிறது?" அதை ஒரு வார்த்தை மாற்றாமல்தான் எப்போதும் சொல்வார்.

டாக்டர் வித்யாலட்சுமி இப்போது ஈஜிபுராவில் கிளினிக் வைத்திருக்கிறார். 2005-இல் அவரே சொல்லித்தான் மீதி தெரிந்தது. கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் துறைத் தலைவர் அவரை அழைத்திருக்கிறார். துறையின் மாணவர் வகுப்புகள், நூலகத்துக்கு வரும் சஞ்சிகைகள், இரண்டு மாணவர்கள் கல்கத்தா மாநாட்டுக்குப் போவதற்கான டிக்கெட் எல்லாமே அந்தக் கம்பெனி தருவது, யோசித்துச் செய் என்றிருக்கிறார். அவர் யோசித்திருக்கிறார். மத்தியானத்துக்குள் மஞ்சுநாத்துக்குப் போன் செய்து, அந்த ஸ்லைடை எடுத்துவிடுங்கள், நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம் என்று சொன்னதே அவர்தான். மேடையில் பேச்சு நின்றது தொண்டை வறண்டதால். கை தேடியது தண்ணீர் டம்ளரை. அன்று அவர் வைத்திருந்த தாளில் முப்பத்தேழுக்கு அடுத்து 'நன்றி' என்றுதான் இருந்தது.